கம்பங்களுக்கு நடுவே பதினெட்டு ஆண்டுகள்

பாக் நீரிணைக் கரையிலுள்ள கட்டுமாவடியில் ஐஸ் என்பது மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடும் பொருள். அதன்மேல் சறுக்கணி மாட்டிக்கொண்டு ஆடும் ஐஸ் ஹாக்கியோ, கனடாவின் உறைபனிக் காலத்தில் வளர்ந்து, இந்தியாவில் லடாக்கின் உறைந்த குளங்களில் வேர்விட்டு, 2025ஆம் ஆண்டு மகளிர் ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு வெண்கலம் பெற்றுத்தந்த ஆட்டம். அந்த ஆட்டத்தின் கோல்கீப்பரும் தமிழர் அறிந்த தரை ஹாக்கியின் கோல்கீப்பரும் ஒரே தொழிலின் இரு கிளையினர் என்பதை அளவுகளே காட்டுகின்றன. ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் 'பக்' எனும் ரப்பர் வட்டு 156 முதல் 170 கிராம் வரை இருக்கும். தரை ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம். ஆனால் ஐஸ் ஹாக்கியின் கோல் 183 செ.மீ. அகலமும் 122 செ.மீ. உயரமும் கொண்டது என்றால், தரை ஹாக்கியின் கோல் 366 செ.மீ. அகலமும் 214 செ.மீ. உயரமும் உடையது, ஏறத்தாழ ஒரே எடையுள்ள பொருளை, தரை ஹாக்கியின் கோல்கீப்பர் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட பரப்பில் மறிக்க வேண்டியிருக்கிறது.

இத்தொழிலில் உடம்பே முதலீடு என்பதற்குப் பழைய வரலாறு சான்று. வட அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான தேசிய ஹாக்கி லீகில், கிளென் ஹால் 1955 முதல் 1962 வரை முகமூடியின்றித் தொடர்ந்து 502 ஆட்டங்கள் ஆடினார். மான்ட்ரியல் அணியின் ஜாக் பிளான்ட் 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்ட பிறகு, முகமூடி இல்லாமல் களத்துக்குத் திரும்ப மறுத்ததனால்தான், அதுவரை கோழைத்தனத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட அந்தக் கவசம் மெல்ல வழக்கமாயிற்று.

இந்தியாவிலும் இத்தொழிலில் சாதித்தவர்கள் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ரிச்சர்ட் ஆலன் காத்த கோலுக்குள் ஒரு பந்தும் நுழையவில்லை. மாவ் ஊரின் சங்கர் லக்ஷ்மண் 1956இலும் 1964இலும் தங்கமும் இடையில் 1960இல் வெள்ளியும் வென்று, 1966 ஆசிய விளையாட்டில் அணித்தலைவராகவும் தங்கம் பெற்றார். தமிழ்நாட்டின் முனீர் சேட் 1968 மெக்சிகோவிலும், கண்ணூரின் மானுவேல் ஃபிரெடரிக் 1972 மியூனிக்கிலும் வெண்கலம் வென்ற அணிகளின் கோல்கீப்பர்கள். கோல் அடித்தவர் பெயர் நிலைப்பதுபோல் இவர்கள் பெயர் மக்கள் நினைவில் நிலைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அந்த மறதியை உடைத்தவர் எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ். ஓட்டமும் நீளம் தாண்டுதலும் கற்கத் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த அவர், அங்குதான் கோல் கம்பங்களுக்கு நடுவே வந்து நின்றார். காலுக்குப் பேட், கைக்கு உறை, மார்புக் கவசம், ஹெல்மெட் என்று முழுத்தொகுதியாக வாங்க வேண்டிய இக்கருவிகளின் விலை, ஒரு மட்டையோடு தொடங்கிவிடும் மற்ற ஆட்டக்காரரின் செலவைப் போலப் பன்மடங்கு ஆகும். மகனுக்கு அவற்றை வாங்கித்தர அவருடைய தந்தை வீட்டுப் பசுவை விற்றார்.

2006ஆம் ஆண்டு கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டில் தேசிய அணிக்கு அறிமுகமானாலும், ஏட்ரியன் டிசோசா, பரத் சேத்ரி ஆகியோருக்குப் பின்னால் பல ஆண்டுகள் அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் ஆடுவோரை ஆட்டத்தின் நடுவே மாற்றி மாற்றி இறக்கலாம். கோல்கீப்பர் இடம் ஒன்றுதான், முதலாமவர் நன்றாக ஆடும்வரை இரண்டாமவர் பெஞ்சில் அமர்ந்திருக்க வேண்டியவரே. ஆகவே இத்தொழிலின் முதற் பாடம் பந்தைத் தடுப்பதன்று, பொறுத்திருப்பது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா கடைசி இடம் பெற்றதன் கசப்பும் அவருடைய கணக்கில் உண்டு.

2014 இன்ச்சியான் ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானுடன் 1-1 எனச் சமநிலையான ஆட்டத்தை ஷூட்அவுட்டில் 4-2 என இந்தியா வென்று, பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் பெற்றது அவரால். ஷூட்அவுட் என்பது, தாக்குபவர் ஒருவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்துடன் புறப்பட்டு எட்டு நொடிக்குள் கோல் அடிக்க முயல, கோல்கீப்பர் தனியாளாக அவரை எதிர்கொள்ளும் முறை. 2016 ரியோவில் அணித்தலைவர், 2017இல் முழங்காலில் கடுங்காயம், அதிலிருந்து மீளல் எனச் சென்ற பாதை, 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனியின் கடைசி பெனால்டி கார்னரை, ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் தடுத்தபோது, 41 ஆண்டு ஒலிம்பிக் பதக்கப் பஞ்சத்தை முடித்தது. அதற்கு முந்தைய பதக்கம், தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980 மாஸ்கோவில் வென்ற தங்கம்.

எனினும் அவருடைய ஆகச் சிறந்த நாள் 2024 பாரிஸ் காலிறுதியே எனக் கொள்வது பொருந்தும். அமித் ரோஹிதாஸ் 17ஆம் நிமிடத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேற, எஞ்சிய நாற்பது நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேருடன் ஆடிய இந்தியா, பிரிட்டனின் தொடர் தாக்குதலை அவர் தடுத்து நின்றதனால் 1-1 எனத் தாக்குப்பிடித்து, ஷூட்அவுட்டில் 4-2 என வென்றது. டோக்கியோவில் ஒரு தடுப்பு வரலாறாயிற்று. பாரிஸில் ஓர் ஆட்டம் முழுவதும் அவர் தோளில் கிடந்தது. ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலத்துடன் அவர் விடைபெற்றபோது, அவர் அணிந்த 16ஆம் எண் சட்டையை மூத்தோர் அணியில் இனி எவருக்கும் தருவதில்லை என ஹாக்கி இந்தியா அறிவித்தது. 2025இல் பத்மபூஷண் விருதும் வந்தது.

அதே 2025இன் இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் இந்திய அணியின் பயிற்சியாளராக வந்து நின்று, வெண்கலம் பெற்றுத்தந்தார் ஸ்ரீஜேஷ். மதுரையில் புதிய ஹாக்கி அரங்கம் எழுந்துவிட்டது. கோவில்பட்டியில் ஆட்டம் தலைமுறைகளாக ஊறிக் கிடக்கிறது. கட்டுமாவடி போன்ற கரையோர ஊர்களின் பள்ளிகளுக்கு அரங்கம் உடனே வராது. ஆனால் ஒவ்வொரு பள்ளியும் கோல்கீப்பர் கவசத் தொகுதி ஒன்றைத் தன் சொந்தப் பொருளாக வாங்கி வைத்துவிட்டால், கம்பங்களுக்கு நடுவே நிற்க ஆசைப்படும் ஒரு மாணவனுக்காகவோ மாணவிக்காகவோ எந்த வீட்டிலும் பசுவை விற்க வேண்டியிராது. அதை வாங்கிக் கொடுக்க விளையாட்டுத் துறையும் ஊர்ப் பெரியவர்களும் முன்வர வேண்டும்.