போவது எளிது; திரும்புவது?

எண்ணூர்க் கடற்கரையில் மாலை நான்கு மணிக்குக் கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று முகத்தில் அடிக்கும். விடியற்காலையில் அதே இடத்தில் நின்றால், அது பெரும்பாலும் முதுகுப்புறமிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். பாய் விரித்த கட்டுமரங்களின் காலத்தில் மீனவர்கள் கரைக்காற்றோடு கடலுக்குச் சென்று, கடல்காற்றோடு கரை திரும்பினார்கள். புறப்படும்போதே திரும்பும் வழியை எண்ணியவர்கள் அவர்கள்.

இன்று பொழுதுபோக்காக டிரோன் பறக்கவிடத் தொடங்கும் இளைஞர் முதலில் கற்க வேண்டிய பாடமும் இதுதான்.

காற்று ஏன் திசை மாறுகிறது?

வெயிலில் நிலம் விரைவாகச் சூடாகிறது. கடல்நீர் மெதுவாகத்தான் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இது கடல்காற்று. இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் நிலை தலைகீழாகிறது. இது கரைக்காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக இருந்தால் கடல்காற்று தாமதமாக வரும். சில நாள் வராமலும் போகும். ஆகவே கடிகாரத்தை மட்டும் நம்பாமல், ஒரு பிடி உலர்ந்த மணலை மேலிருந்து உதிர்த்துத் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

காற்றில்லாத வேளையில் நொடிக்கு 10 மீட்டர் செல்லும் டிரோன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றின் வேகம் நொடிக்கு 6 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். கடற்கரையில் இது புயலன்று. சாதாரண மாலைக் காற்றுதான்.

காற்றோடு செல்லும்போது டிரோனின் வேகம் 10 + 6 = 16 மீட்டர். 800 மீட்டர் தூரத்தை 50 நொடியில் கடந்துவிடும். திரும்பும்போது 10 – 6 = 4 மீட்டர் மட்டுமே. அதே தூரத்துக்கு 200 நொடி வேண்டும்! போக ஆன நேரத்தைப்போல் நான்கு மடங்கு. "பாதி மின்சாரம் தீர்ந்ததும் திரும்பிவிடலாம்" என்று எண்ணிய புதியவரின் டிரோன் நடுவழியிலேயே விழுவது இதனால்தான். காற்றின் வேகம் 10 மீட்டரை எட்டினால், அது திரும்பவே திரும்பாது.

இப்போது முதலில் காற்றை எதிர்த்து அனுப்புவோம். போக 200 நொடி, வர 50 நொடி. மொத்த நேரம் ஒன்றேதான். ஆனால் கடினமான பயணம் மின்கலம் நிறைந்திருக்கும்போதே முடிந்துவிடுகிறது. விடியற்காலையில் கரைக்காற்று வீசும்போது கடலை நோக்கி அனுப்புவது ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்கும். கட்டுமரத்துக்கு மாலையில் காற்று மாறும் வரை காத்திருக்க நேரம் உண்டு. டிரோனுக்கு இருப்பதோ சில நிமிடங்கள்தாம்.

இன்னொன்று. தரைக்கு அருகே வீடுகளும் மரங்களும் காற்றைத் தடுக்கின்றன. உயரே செல்லச் செல்ல அதன் வேகம் கூடும். நம் தலைமட்டத்தில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு வேகம் 60 மீட்டர் உயரத்தில் இருக்கக்கூடும். எனவே கணக்கில் தாராளம் வேண்டும். மின்கலத்தில் 30 விழுக்காடு மிச்சமிருக்கும்போதே டிரோன் தரையிறங்கியிருக்க வேண்டும்.

தானே திரும்புமே!

"தொடர்பு அறுந்தால் டிரோன் தானாகவே வீடு திரும்புமே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். புறப்பட்ட இடத்தைச் செயற்கைக்கோள்களின் உதவியால் அது நினைவில் வைத்திருக்கும். நாம் முன்கூட்டிக் குறித்த உயரத்துக்கு எழும்பி, நேர்கோட்டில் திரும்பும். அந்தக் கோட்டில் என்ன நிற்கிறது என்பதைப் பார்ப்பது நம் வேலை.

எண்ணூரில் நிற்பவை என்ன? கழிமுகத்தைக் கடந்து செல்லும் உயர் மின்னழுத்தக் கம்பிகள், துறைமுகப் பளுதூக்கிகள், 200 மீட்டரைத் தாண்டிய அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். பொதுவாக டிரோன் பறக்கக்கூடிய உச்ச உயரமோ 120 மீட்டர்தான். ஆகவே புகைபோக்கியை "மேலே தாண்டிவிடலாம்" என்ற வழியே இல்லை. பாதையில் அது இருந்தால் இடத்தை மாற்றுவதே வழி. கம்பிகள் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியா. கோபுரங்களைக் கொண்டே அவற்றின் பாதையை அறிய வேண்டும். கன்டெய்னர் லாரிகளின் அருகில் நின்று டிரோனைக் கிளப்பவும் கூடாது. அவற்றின் இரும்பு டிரோனில் உள்ள திசைகாட்டியைக் குழப்பும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று வெளியான டிரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரித்தன. பச்சையில் 120 மீட்டர் வரை முன் அனுமதி தேவையில்லை. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாரின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. சென்னை விமான நிலையம் எண்ணூரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதனால் இங்கே தடையில்லை என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. துறைமுகமும் மின் நிலையங்களும் உள்ள வட்டாரம் இது. அரசு இணையத்தில் வெளியிடும் வரைபடத்தைப் பறக்கும் நாளன்றே பார்க்க வேண்டும். காவல்துறையின் தற்காலிகத் தடைகளையும் கேட்டறிய வேண்டும். வரைபடம் "இல்லை" என்றால் அன்றைய திட்டம் அத்துடன் முடிந்தது. வேறு இடத்தில் ஆளில்லாத ஒரு திறந்த மைதானம் புதியவருக்குப் போதும்.

250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனுக்குப் பதிவெண் தேவை. அதற்குக் குறைந்தது விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணிவிடலாகாது. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயைப் பார்க்க ஒருவர் அனுப்பிய சிறு டிரோன், ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் சென்று அவர் பார்வையிலிருந்து மறைந்தது. பிறகு தீயணைக்க நீர் சுமந்து வந்த விமானத்தில் மோதி, அதன் இறக்கையைத் துளைத்தது. தீ எரிந்துகொண்டிருக்கையில் அந்த விமானம் பழுதுபார்க்கத் தரையில் நிற்க நேர்ந்தது.

எண்ணூருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2023 டிசம்பரில் இங்கே கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். இத்தகைய வேளைகளில் "மேலிருந்து ஒரு படம் எடுப்போமே" என்ற ஆசை எழலாம். அப்போது வானம் மீட்புப் பணியாளருக்கு உரியது. நம் டிரோன் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

புறப்படுமுன் ஐந்து கேள்விகள்

வரைபடம் அனுமதிக்கிறதா? காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் வருகிறது? திரும்பும் கோட்டில் என்ன நிற்கிறது? டிரோன் விழுந்தால் யார் தலையில் விழும்? கடைசி வரை அதைக் கண்ணால் காண முடியுமா? கையகல டிரோன் 300 மீட்டரில் ஒரு புள்ளிதான். அதன் முகம் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியாது.

ஐந்துக்கும் தெளிவான விடை கிடைத்தால் பறக்கவிடுங்கள். ஒன்றுக்கு ஐயம் இருந்தாலும், நாளையும் காற்று வீசும், காத்திருங்கள்.