அடியில் ஜோடி, மேலே ஒற்றை

வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிப் பாருங்கள். அளவு ஒன்றுதான், வார் ஒன்றுதான், ஆனாலும் பொருந்தாது. பெரும்பாலான அமினோ அமிலங்களும் இப்படி இடம், வலம் என இரு வடிவம் கொண்டவை. ஆய்வகத்தில் சாதாரணமாகத் தயாரித்தால் இரண்டும் சரிபாதியாகக் கிடைக்கும். வேதியியல் பாடத்தில் இதைச் சுழிமாய்க் கலவை என்று படித்திருப்போம். நம் உடம்பின் புரதங்களோ இடக்கை வடிவத்தை வைத்தே கட்டப்படுகின்றன. இந்த ஓரவஞ்சனை எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் ஒரு சிறு சாய்வு இருந்திருக்கலாம். 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே விழுந்த விண்கல்லில், சில அமினோ அமிலங்களின் இடக்கை வடிவம் சில சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தச் சில சதவீதம் நூறை எட்டியது எப்படி என்பதுதான் புதிர். அதற்கு நொதிகூடத் தேவையில்லை, உப்பு கரைவதையும் படிவதையும் ஆளும் விதியே போதும் என்பதை முதன்முறை படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டோனா பிளாக்மாண்ட் குழுவினர் 2006இல் இதைக் காட்டினார்கள். செரின் என்ற அமினோ அமிலத்தில் 1000 மூலக்கூறுகளை எடுத்துக்கொள்வோம்: 505 இடம், 495 வலம். முழுதும் கரையாத அளவுக்கே தண்ணீர் விட்டுக் கலக்கினால், ஓர் இடமும் ஒரு வலமுமாகச் சேர்ந்து படிகத்தில் அமர்கின்றன. இந்த ஜோடிப் படிகம் லேசில் கரையாது. ஒரே கை மட்டும் உள்ள படிகமோ தாராளமாகக் கரையும். ஜோடி சேர்ந்தவை பெரும்பாலும் அடியில் தங்கிவிட, துணை கிடைக்காத இடக்கைகள் தண்ணீருக்கு வந்துவிடுகின்றன. தெளிந்த மேல்நீரில் 200க்கு 199 இடக்கை!

இரு வகைப் படிகமும் அடியில் கொஞ்சமேனும் மிஞ்சியிருக்கும்வரை, ஒரே வெப்பநிலையில் மேல்நீரின் விகிதம் மாறாது. எடுத்த தூளில் சாய்வு 1 சதவீதமா 60 சதவீதமா என்பது பொருட்டே அல்ல. அமெரிக்காவின் வில்லார்ட் கிப்ஸ் 1870களில் எழுதிய நிலைமை விதி சொல்வது இதைத்தான்.

தொடக்கச் சாய்வே இல்லாமலும் ஒரு கை வெல்ல முடியும். ஸ்பெயினின் கிறிஸ்தோபல் வியெத்மா 2005இல் சோடியம் குளோரேட்டை எடுத்தார். தண்ணீரில் அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. படிகமானால் மட்டும் இரண்டில் ஒன்றாகும். தெவிட்டிய கரைசலில் இரு வகைப் படிகங்களையும் சமமாகப் போட்டு, கண்ணாடி மணிகளோடு ஓயாமல் சுழலவிட்டார். மணிகள் அரைக்க அரைக்கப் பொடிப் படிகங்கள் கரைந்தன, பெரியவை அவற்றைத் தின்று வளர்ந்தன. ஃப்ரீசரில் நாள்பட்ட ஐஸ்கிரீம் நறநறப்பதும் இதனால்தான். தற்செயலாகச் சற்றே முந்திய கை மேலும் மேலும் முந்தியது. கடைசியில் எஞ்சிய படிகங்கள் அத்தனையும் ஒரே கை.

செரின் குடுவையில் அப்படி நடப்பதில்லை. அங்கே எந்த வலக்கையும் இடக்கையாக மாறவில்லை, அடியில் ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவே. தண்ணீரைக் கூட்டி எல்லாவற்றையும் கரைத்தால் பழையபடி 505க்கு 495தான். ஆகவே, ஆதிப் பூமியில் இது பலித்திருக்க வேண்டுமானால், பாறைக் குழியில் தெளிந்த மேல்நீர் வண்டலை விட்டுவிட்டு அடுத்த குழிக்கு வழிந்திருக்க வேண்டும்.