தொப்பிக்கு ஒரு நியாயம், முக்காட்டுக்கு ஒரு நியாயமா?

தலையை ஒட்டிப் பிடிக்கும் ஒரு வட்டத் தொப்பி. நிழல் தரும் விளிம்பு எந்தப் பக்கத்திலும் இல்லை. ஓரத்தை மட்டும் இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு மேல்நோக்கி மடித்து விட்டிருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்கு அணிந்து செல்லும் தொப்பியைச் சற்றுத் தடித்த சீலையில் தைத்து, ஓரத்தை மடித்து விட்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் இதுவும் இருக்கும்.

இதன் பெயர் 'மிக்கி'. பிரான்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில், அத்திலாந்திக் சமுத்திரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி என்ற பிரதேசத்துக்கு உரியது. (இது நாம் அறிந்த பிரிட்டன் அல்ல, பிரான்சின் ஒரு பகுதி.) மீன்பிடிப்போர், மாலுமிகள், துறைமுகத்தில் மூட்டை சுமப்போர் ஆகியோரே ஒரு காலத்தில் இதை அணிந்தார்கள். இன்றோ நகரத்து இளைஞரும் யுவதிகளும் அழகுக்காக விலை கொடுத்து வாங்கும் பெஷனாகி விட்டது.

"ஒரு பிரெஞ்சுத் தொப்பியைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள் சகோதரிகளே. இந்தத் தொப்பியின் கதை நம் முக்காட்டில் வந்து முடிகிறது.

விளிம்பு ஏன் இல்லை?

கடலில் விளிம்புள்ள தொப்பி ஒரு தொல்லை. காற்று அடித்ததும் பறந்து விடும். பாய்மரத்தில் கட்டிய கயிற்றை அண்ணாந்து பார்க்கையில் கண்ணை மறைக்கும். தாழ்ந்த கூரையுள்ள கப்பல் அறைகளில் இடிபடும். ஆகவே தலையோடு ஒட்டிய, குளிருக்கு இதமான, மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கக் கூடிய தொப்பியே மாலுமிக்கு வசதியாக இருந்தது.

பிரெஞ்சுக் கடற்படையினரின் தொப்பிக்கும் விளிம்பில்லை. அதன் உச்சியில் சிவப்பு நூற்குஞ்சம் ஒன்று இருக்கும். அதை இடது கை ஆள்காட்டி விரலால் தொட்டால் நல்ல காலம் பிறக்கும் என்பது அங்குள்ளோரின் நம்பிக்கை. மூடநம்பிக்கைக்குக் கிழக்கும் மேற்கும் இல்லை போலும்!

முஸ்லிம்களின் தொப்பிக்கும் விளிம்பில்லை. காரணம் வேறு. ஸுஜூதில் நெற்றி நிலத்தைத் தொட வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு அதற்குத் தடை. மாலுமிக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது; நமக்குக் குனிந்து வணங்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வடிவம் பொருந்தி விட்டது.

அவர்களின் பெண்களும் தலை மூடியவர்களே

பிரிட்டனியின் மீன்பிடித் துறைகளில் ஆண்கள் தொப்பி அணிந்தது போலவே பெண்களும் தலையை மூடியே வெளியே வந்தார்கள். கூந்தலை உள்ளே செருகி, அதன்மேல் வெள்ளைச் சீலையால் தலையணி அணிவது அவர்களது வழக்கம். ஊருக்கு ஊர் அதன் அமைப்பு மாறும். சில ஊர்களில் ஒரு சாணுக்கும் மேலான உயரத்தில் லேஸ் வேலைப்பாட்டுடன் நிமிர்ந்து நிற்கும்.

துவார்னனே என்ற ஊரில் சாளை மீனைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகள் இருந்தன. அங்கு வேலை செய்த பெண்களின் தலையணியை வைத்தே அவர்களுக்கு 'பென் சார்டின்', அதாவது 'சாளைத் தலை' என்ற பட்டப் பெயர் வந்தது. மணித்தியாலத்துக்கு 80 சதம் கூலிக்கு, மீன் வந்தால் இரவு பகல் பாராமல் உழைத்த அப்பெண்கள் 1924 நவம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1925 ஜனவரியில் கூலி ஒரு பிராங்காக உயர்ந்தது. அந்தக் காலப் புகைப்படங்களைப் பார்த்தால், ஊர்வலம் முழுவதும் வெள்ளைச் சீலை மூடிய தலைகள்தான்! அந்தத் தலைச்சீலை அவர்கள் உழைப்பதைத் தடுக்கவில்லை. உரிமை கேட்பதையும் தடுக்கவில்லை.

இன்று அந்தத் தலையணி திருவிழா நாட்களில் மட்டுமே வெளியே வருகிறது. ஆண்களின் தொப்பியோ அன்றாட உடையாகத் திரும்பி வந்திருக்கிறது.

கடலிலிருந்து கடைக்கு

மாலுமித் தொப்பியை உலகறியச் செய்தவர்களில் ஒருவர் பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜக்கஸ் கூஸ்தோ. அவரது சிவப்புக் கம்பளித் தொப்பியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதுவும் விளிம்பில்லாததே. அவர் இஸ்லாத்தைத் தழுவியதாக ஒரு செய்தி நம்மவர் ஏடுகளிலும் பயான்களிலும் நெடுங்காலம் உலவியது. அது உண்மையல்ல. 1997 ஜூனில் அவர் மரணித்தபோது பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்திலேயே இறுதிக் கிரியை நடைபெற்றது. நமது மார்க்கத்தின் பெருமைக்கு இல்லாத சாட்சி தேவையில்லை.

இப்போது நீலம், கறுப்பு, மஞ்சள் என்று பல நிறங்களில் மிக்கித் தொப்பி விற்பனையாகிறது. அணிபவரிடம் "ஏன் தலையை மூடினாய்?" என்று யாரும் கேட்பதில்லை. "அழகாயிருக்கிறது" என்கிறார்கள்.

அதே நாட்டில் இன்னொரு தலை

பிரிட்டனிக்கு அடுத்த பிரதேசம் நோர்மண்டி. அங்கே பிளேர் என்ற ஊரின் அரசாங்கப் பாடசாலை ஒன்றில் 1999 ஜனவரியில் இரண்டு முஸ்லிம் சிறுமிகள் முக்காட்டுடன் உடற்பயிற்சி வகுப்புக்கு வந்தார்கள். ஒருத்திக்கு வயது 11. கழற்றும்படி ஆசிரியர் பல முறை சொன்னார், அவர்கள் மறுத்தார்கள். அடுத்த மாதமே பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டார்கள். பின்னர் தபால் மூலக் கல்விதான் அவர்களுக்கு வாய்த்தது. முக்காட்டுக்குப் பதிலாக ஒரு தொப்பியாவது அணிய ஆயத்தமாயிருந்ததாக அவர்கள் தரப்பில் கூறப்பட்டது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றது. 2008 டிசம்பர் 4ஆம் திகதி, உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

2004 மார்ச்சில் பிரான்சின் அரசாங்கப் பாடசாலைகளில் மத அடையாளம் வெளிப்படத் தெரியும் உடைகளைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அவ்வருடம் சில மாணவியர் முக்காட்டைக் கழற்றி விட்டுச் சாதாரணத் தொப்பி அணிந்து சென்றார்கள். அதுவும் ஏற்கப்படவில்லை. விலக்கப்பட்டார்கள். 2009 ஜூனில் அந்த முறைப்பாடுகளும் தள்ளுபடியாயின.

யோசித்துப் பாருங்கள். பாடசாலைக்குள் எவரும் தொப்பி அணியக் கூடாதென்று ஓர் ஒழுங்கு இருந்தால் அது எல்லோருக்கும் பொது. ஆனால் அணிந்திருப்பவள் முஸ்லிம் என்பதால் ஒரு தொப்பியே மத அடையாளமாகி விட்டால்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதைதான்.

முஸ்லிம் நாட்டிலும் நடந்தது

இதை மேற்கு நாட்டாரின் குற்றம் என்று மட்டும் சொல்லி விட முடியாது. 1925 நவம்பர் 25ஆம் திகதி துருக்கியில் தொப்பிச் சட்டம் நிறைவேறியது. சிவப்புத் துருக்கித் தொப்பி தடையாகி, விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பி வந்தது. தொழுகைக்கு நின்றவர்கள் முன் விளிம்பைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஸுஜூது செய்தார்கள். அத்தொப்பியை எதிர்த்து 1924இல், அதாவது சட்டம் வருவதற்கு முந்திய வருடமே, சிறு நூல் எழுதியிருந்த ஆதிஃப் ஹோஜா என்ற ஆலிம் 1926 பெப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். ஒரு தொப்பிக்காக ஓர் உயிர்!

நமது மூதாதையர் காட்டிய வழி

அதே துருக்கித் தொப்பிக்கு இலங்கையிலும் ஒரு சரித்திரம் உண்டு. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் கொழும்பு வந்திறங்கிய ஒராபி பாஷாவின் காலத்தில் அது நம்மவரிடையே பரவியது. 1905இல் சட்டத்தரணி எம்.ஸீ. அப்துல் காதர் அத்தொப்பியுடன் உயர் நீதிமன்றில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லேயார்ட் ஆட்சேபித்தார். தொப்பியோடு நிற்பதானால் பாதணியைக் கழற்ற வேண்டும் என்றார். அப்துல் காதர் இணங்கவில்லை, வெளியேறினார்.

நமது முன்னோர் கல்லெறியவில்லை. மனுக்கள் எழுதினார்கள். 1905 டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூட்டினார்கள். ஈற்றில் தொப்பியுடன் வழக்காடும் உரிமை கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் கூடியவர்கள் ஆண்கள். அவர்கள் காத்த உரிமையின் நிழலில்தான் இன்று நம் பெண் மக்களும் முக்காட்டோடு கல்வி கற்கிறார்கள், தொழில் செய்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

மிக்கித் தொப்பி காதையும் கழுத்தையும் மூடாது; ஆகவே அது நமது பர்தாவுக்கு ஈடாகாது. ஆயினும் அதன் கதையில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு.

ஒன்று, பெஷன் வரும், போகும். நேற்று மூட்டை சுமந்தவனின் தொப்பி இன்று அலங்காரப் பொருள். நேற்றைய பெண்களின் தலையணி இன்று காட்சிப் பொருள். நமது முக்காட்டையும் பெஷனாக மட்டும் எண்ணி, கடைக்குக் கடை, நிறத்துக்கு நிறம் ஓடினால், ஒரு நாள் அது பெஷனோடே போய் விடும். நிய்யத் இருந்தால்தான் நிலைக்கும்.

மற்றது, நம் பிள்ளைகளிடம் "மூடு" என்று மட்டும் சொல்லாமல், ஏன் என்பதையும் சொல்லிக் கொடுப்போம். பிளேர் ஊரின் அந்தப் பதினொரு வயதுச் சிறுமியிடம் கேட்டது போல நாளை நம் மகளிடமும் யாராவது கேட்கலாம். அப்போது உம்மாவைத் திரும்பிப் பார்க்காமல், கோபப்படாமல், தலை நிமிர்ந்து அவளே பதில் சொல்ல வேண்டும். அதற்கான பாடம் நம் வீட்டுக் குசினியில், அவளுக்குத் தலை வாரி விடும் நேரத்தில் ஆரம்பமாகட்டும்.