ஈம்

ஈம் இங்கிலாந்தின் டெர்பிசயர் கவுண்டியில், பீக் மாவட்டத் தேசியப் பூங்காவினுள் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஆயிரத்துக்கும் குறைவானவர்களே. 1665-1666 ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் தாக்கியபோது, அது அயலூர்களுக்குச் செல்லாதிருக்க ஊரார் தமது எல்லையைத் தாமே மூடிக்கொண்டமையால் இவ்வூர் அறியப்படுகிறது.

தொடக்க காலம்

இவ்வட்டாரத்தில் உரோமர் காலத்திலேயே ஈயம் அகழப்பட்டது. பிற்காலத்திலும் ஈயச் சுரங்கத் தொழிலே ஊரின் முதன்மைத் தொழிலாக இருந்தது. (ஊரின் பெயருக்கும் தமிழில் ஈயம் என்னும் சொல்லுக்கும் தொடர்பில்லை.) தேவாலய வளாகத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்சிலுவை ஒன்று உள்ளது.

கொள்ளைநோய்

1665 இல் இலண்டனிலிருந்து தையற்காரர் ஒருவருக்கு வந்த துணிப்பொதியில் நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பது மரபு வழிச் செய்தி. அதைப் பிரித்து உலர்த்திய உதவியாளர் ஜார்ஜ் விக்கர்சு செப்டம்பர் 7 அன்று இறந்தார். குளிர்காலத்தில் தணிந்த நோய், 1666 கோடையில் முன்னிலும் கடுமையாக மூண்டது.

அப்போது ஊரின் மதகுருவாக இருந்தவர் வில்லியம் மொம்பெசன். இவருக்கு முன் அப்பணியில் இருந்த தாமசு இசுட்டான்லி, பொது வழிபாட்டு நூலை ஏற்க மறுத்துப் பதவி இழந்தவர். சமயக் கொள்கையில் எதிரெதிராக நின்ற இவ்விருவரும் இணைந்து பேசியதாலேயே மக்கள் இணங்கினர் எனலாம். 1666 சூனில் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. இறந்தோரை அவரவர் குடும்பத்தினரே புதைப்பது, தேவாலயத்தைப் பூட்டிவிட்டுத் திறந்தவெளிப் பள்ளத்தாக்கில் வழிபடுவது, எவரும் எல்லையைத் தாண்டாதிருப்பது என்பனவே அவை. டெவன்சயர் பிரபு உணவு அனுப்பினார். அயலூரார் பொருட்களை எல்லையில் வைத்துச் செல்வர். அவற்றுக்கான காசு, எல்லைக்கல்லில் குடையப்பட்ட குழிகளில் வினாகிரியில் இடப்பட்டது. நுண்ணுயிர் பற்றி எவரும் அறியாத காலம் அது என்பது நோக்கத்தக்கது.

எலிசபெத் ஆன்காக்கு என்னும் பெண் ஆகத்து மாதத்தில் எட்டு நாட்களுக்குள் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்தார். அக்கல்லறைகள் இன்றும் உள்ளன. மொம்பெசனின் மனைவி கேத்தரினும் அம்மாதமே இறந்தார். 1666 நவம்பரில் நோய் ஓய்ந்தபோது 14 மாதங்களில் ஏறத்தாழ 260 பேர் மடிந்திருந்தனர்.

கருத்து வேறுபாடுகள்

ஊரின் மக்கள்தொகை 350 என முன்னர் எழுதப்பட்டது. அண்மைய ஆய்வுகள் ஏறத்தாழ 700 என்கின்றன. அனைவரும் ஒருமனப்பட்டுத் தியாகம் செய்தனர் என்பதும் முழு உண்மையாகாது. எல்லை மூடப்படுமுன் வசதி படைத்தோர் சிலர் வெளியேறினர். மொம்பெசனும் தம் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டார். வறியவர்க்குப் போக்கிடம் இல்லை. இன்று பரவலாகச் சொல்லப்படும் கதையின் பெரும்பகுதி, வில்லியம் வுட்டு என்பவர் 1842 இல் வெளியிட்ட ஊர் வரலாற்றின் வழி நிலைபெற்றதாகும்.

நோய் பரவிய முறையும் மறு ஆய்வுக்கு உட்பட்டுள்ளது. 2016 இல் வெளியான ஓர் ஆய்வு, எலித் தெள்ளுகளைக் காட்டிலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியதே மிகுதி எனக் கணித்தது. அவ்வாறாயின், எல்லை மூடல் அயலூர்களைக் காத்திருக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் அடைபட்டோரின் இறப்பைக் கூட்டியும் இருக்கலாம்.

நினைவு

ஆண்டுதோறும் ஆகத்து இறுதி ஞாயிறன்று, அன்று மக்கள் கூடிய அதே பள்ளத்தாக்கில் நினைவு வழிபாடு நடைபெறுகிறது. 1994 இல் இங்கு ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.