நோய்க்கு ஒரு சீட்டா?

மஞ்சட் காய்ச்சல் நிலவும் நாடுகளிலிருந்து நம் திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு வரும் மாலுமி, அதற்குரிய ஊசி போட்டுக்கொண்டமைக்கு அத்தாட்சியாக மஞ்சள் நிறப் புத்தகமொன்றைக் காட்டுதல் வேண்டும். அந்நோய் இலங்கையில் இல்லை. அதைப் பரப்பவல்ல நுளம்போ தாராளமாக உண்டு. ஆதலின் இவ்விதியைக் குறை கூறுவாரில்லை. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால் சீட்டுச் செல்லுபடியாகும். 2016 முதல் அது ஆயுள் முழுமைக்கும் செல்லும்.

2020இல் கொரோனா உலகை முடக்கியபோது வேறொரு சீட்டைப் பற்றிப் பேச்செழுந்தது. நோய் கண்டு பிழைத்தவர்க்கு ‘நோயெதிர்ப்புக் கடவுச்சீட்டு’ வழங்கி, அவர்களை மட்டும் தொழிலுக்கு விடலாம் என்றனர் சிலர். ஒருமுறை நோயுற்றவர் மீண்டும் நோயுறார் என்பதற்குச் சான்றில்லையென அவ்வாண்டு ஏப்ரல் 24ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. என்னைக் கேட்டால், சான்று இருந்திருப்பினும் அச்சீட்டுத் தீதே என்பேன். மாலுமியின் சீட்டு ஊசியால் கிடைப்பது. இதுவோ நோயால் கிடைப்பது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்தில் இது நடந்தே இருக்கிறது. மஞ்சட் காய்ச்சலில் பிழைத்தவனுக்கே அங்கு நல்ல வேலையும் கடனும் கிடைத்தன. புதிதாய் வந்திறங்கிய வாலிபர் சிலர் அந்நோயைத் தாமே தேடிச் சென்றனர். பிழைத்தவன் வேலை பெற்றான். மற்றவன் மயானம் புகுந்தான். நம் துறைமுக வாயிலில் நாட்கூலிக்கு நிற்பவனை எண்ணிப் பாருங்கள். மாதச் சம்பளக்காரனாகிய நான் வீட்டிலிருந்தே பாடம் நடத்தலாம். அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! அத்தகைய எண்ணம் அவனுக்கு வாராதென்று யார் உறுதி கூறுவர்?

நோய்க்கு அஞ்சுவோர் தாமே மருந்து கூட்டிக்கொள்வதும் உண்டு. படித்தோரும் இதற்கு விலக்கல்லர். அதே 2020இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தொன்றைத் தாமே ஆக்கித் தம்மீது சோதித்து, செய்முறையையும் வெளியிட்டனர். 1897 ஜனவரி 10ஆம் நாள் பம்பாயில் ஹாப்கின் என்ற அறிஞர், தாம் கண்ட பிளேக் தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். தன் உயிரைப் பணயம் வைப்பவனை நான் தடுக்கேன். ஆயினும், 1902இல் அன்றைய பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், அம்மருந்துப் புட்டியொன்றில் கிருமி கலந்தமையால் 19 பேர் ஏற்புவலி கண்டு மாண்டனர். ஆய்வுகூடத்து மருந்துக்கே இக்கதியெனில், அடுக்களை மருந்துக்கு யார் பிணை?

2020 டிசெம்பரில் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பார், தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணியொன்றைக் கொரோனாவுக்கு மருந்தென்றார். காளி அருளியது என்றுஞ் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றனர். நோய் பரவ இதைவிட நல்ல வழியும் உண்டோ? அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி யாவருங் காண அதைப் பருகினார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா கண்டது, நல்லவேளை, குணமடைந்தார்.

பாணிக்கு நின்றவர்களை நகைத்தல் எளிது. அவர்கள் நின்ற நாளில் நம் நாட்டில் எவருக்கும் ஊசி கிடையாது. 2021 ஜனவரி 29ஆம் நாளிலேயே, இந்தியா நன்கொடையாய் அனுப்பிய மருந்தைக்கொண்டு முதல் ஊசி போடப்பட்டது. பின்னர் ஊசி ஊரூராக இலவசமாய் வந்தது. மக்களும் வெயிலைப் பாராது வரிசையில் நின்று போட்டுக்கொண்டனர்.