பேரம் பேசாத வாடிக்கையாளர்

இணையத்தில் பழைய காமிரா விற்கப்போனவர் பணத்தை இழக்கிறார். வாங்கப்போனவர் வெறும் பார்சலுக்குக் காத்திருக்கிறார். இரண்டு பேரையும் ஏமாற்றுவது அநேகமாக ஒரே கூட்டம்தான்.

தொலைபேசியில் வந்த குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "ஜெய்ஹிந்த் ஸார், காமிரா இன்னும் இருக்கிறதா?" புது தில்லி லக்ஷ்மிபாய் நகரின் அரசுக் குடியிருப்பில், 2022 டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. விளம்பரம் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 18-105 லென்ஸுடன் கூடிய நிகான் டி7000, விலை ரூ. 24,000. அழைத்தவர் தன்னை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். விமான நிலையத்தில் பணியாம். தங்கைக்குக் கல்யாணமாம். தம்பி வந்து காமிராவை எடுத்துக்கொள்வானாம். அடையாள அட்டையின் படமும் வாட்ஸப்பில் உடனே வந்துவிட்டது. விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் 5 ரூபாய் அனுப்பினார். வந்தது. பிறகு, "பாதிப் பணம் இப்போதே அனுப்புகிறேன். இந்தக் க்யூஆர் சித்திரத்தை ஸ்கேன் செய்து உங்கள் பின் எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றார். ஸ்கேன் செய்தாயிற்று. பின் எண்ணும் போட்டாயிற்று. அடுத்த நொடி ரூ. 12,000 கணக்கிலிருந்து போயிற்று.

"அடடா, தவறு நடந்துவிட்டது ஸார். சேர்த்து 24,000 ஆகத் திருப்பி அனுப்புகிறேன்" என்று இரண்டாவது சித்திரம் வந்தது. பதற்றத்தில் அதையும் ஸ்கேன் செய்யப் போன கையைத் தடுத்தது அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவியின் கேள்வி: "பணம் வாங்கறதுக்கு எதுக்குங்க பின் நம்பர்?"

ஏமாந்தவர் வேறு யாருமில்லை, இந்தக் கட்டுரையாளர்தான். இத்தகைய மோசடிச் செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்த்துத் தருவது அவர் தொழிலில் ஒரு பகுதி என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

முதல்வர் வீட்டிலும்

ஆறுதலுக்கு ஒரு செய்தி உண்டு. 2021 பிப்ரவரியில் அன்றைய தில்லி முதல்வர் அர்விந்த் கேஜ்ரிவாலின் மகள் இதே வலையில் விழுந்தார். அவர் ஓஎல்எக்ஸ் தளத்தில் விற்க முயன்றது பழைய சோபா. வாங்குவதாகச் சொன்னவர் முதலில் சிறு தொகை அனுப்பி நம்பிக்கை ஏற்படுத்தினார். பிறகு க்யூஆர் சித்திரம் அனுப்பினார். ரூ. 20,000 போனது. தவறிவிட்டது என்று சொல்லி மறுபடி ஒரு முறை. ரூ. 14,000 போனது. ஆக மொத்தம் ரூ. 34,000. பொருள்தான் வேறு, வசனம் அதே வசனம்.

வசனம் மாறாமல் இருப்பதற்குக் காரணம், இது தனி ஆளின் சாமர்த்தியம் அல்ல, குடிசைத் தொழில். ஹரியானாவின் நூஹ், ராஜஸ்தானின் பரத்பூர், அல்வர், உத்தரப் பிரதேசத்தின் மதுரா ஆகிய மாவட்டங்கள் சந்திக்கும் மேவாத் வட்டாரம் இதற்குப் பேர் பெற்றது. தில்லியிலிருந்து சில மணி நேரப் பயணம். 2023 ஏப்ரல் இறுதியில் ஹரியானா காவல்துறை சுமார் 5,000 போலீசாருடன் நூஹ் மாவட்டத்தின் 14 கிராமங்களை ஒரே இரவில் சுற்றிவளைத்தது. 125 பேர் பிடிபட்டனர், 66 பேர் கைதானார்கள். சுமார் ரூ. 100 கோடி அளவுக்கு நாடு முழுவதும் நடந்த மோசடிகளின் நூல் அங்கே போய் முடிந்ததாகக் காவல்துறை பின்னர் அறிவித்தது. பைக், கார், மொபைல் என்று கவர்ச்சியான விலையில் போடப்பட்ட பொய் விளம்பரங்கள் அவர்களுடைய முக்கியச் சரக்கு.

ஏன் எப்போதும் ராணுவ வீரரோ பாதுகாப்புப் படை வீரரோதான் அழைக்கிறார்? சீருடைக்கு இந்தியாவில் உள்ள மரியாதை ஒரு காரணம். இன்னொன்று அதைவிட நடைமுறை சார்ந்தது: நேரில் வர முடியாது, பொருளைப் பார்க்க முடியாது, திடீரென்று ஊர் மாற்றம் என்று எதைச் சொன்னாலும் பொருந்தும். பொருளைப் பார்க்காமலே பணம் தருவதாக வேறு எந்தத் தொழில் செய்பவர் சொன்னாலும் சந்தேகம் வந்துவிடும்.

சித்திரத்துக்குள் என்ன?

க்யூஆர் சித்திரத்தில் மர்மம் எதுவும் இல்லை. யாருக்குப் பணம் போக வேண்டும், அவர் பெயர் என்ன, எவ்வளவு தொகை, என்ன குறிப்பு என்ற விவரங்கள்தான் அந்தக் கறுப்புக் கட்டங்களில் இருக்கின்றன. குறிப்பு என்ற இடத்தில் அனுப்புகிறவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். 'பணம் பெறுகிறீர்கள்' என்றுகூட எழுதலாம். திரையில் அது தெரியும்போது வங்கியே சொல்வதுபோல் இருக்கும். சொல்வது வங்கி அல்ல, திருடன்.

2016இல் தொடங்கிய யுபிஐ முறையில் பின் எண்ணுக்கு முக்கிய வேலை, கணக்கிலிருந்து பணம் வெளியே போக அனுமதி தருவது. பணம் உள்ளே வர எந்த எண்ணும் தேவையில்லை, எந்தச் சித்திரத்தையும் நாம் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் விற்பவர்களில் பெரும்பாலோர் தப்பித்துவிடலாம். முன்பு 'பணக் கோரிக்கை' அனுப்பியும் ஏமாற்றினார்கள். தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியை தேசிய பணப்பட்டுவாடா நிறுவனமான என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. க்யூஆர் சித்திரம் அப்படியே இருக்கிறது.

இன்னொரு தந்திரம், பணம் அனுப்பிவிட்டதாகப் பொய்ப் படம் காட்டுவது. வங்கி அனுப்பியதுபோன்ற குறுஞ்செய்தியையும் தயாரித்துவிடலாம். காமிராவைக் கையில் கொடுப்பதற்கு முன் நம் வங்கிக் கணக்கை நாமே திறந்து இருப்பைப் பார்ப்பது ஒன்றுதான் சாட்சி.

பணம் உண்மையாகவே வந்தாலும் ஒரு ஆபத்து பாக்கி இருக்கிறது. வந்தது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருந்தால், அவர் புகார் தரும்போது பணம் போன தடத்தில் உள்ள கணக்குகள் முடக்கப்படுகின்றன. ஒழுங்காகப் பொருள் விற்றவரின் சம்பளக் கணக்கும் அதில் மாட்டும். எனவே வாங்க வந்தவரின் சொந்தக் கணக்கிலிருந்து, அவர் பெயரிலேயே பணம் வர வேண்டும். 'நண்பர் அனுப்புவார்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. காமிராவின் வரிசை எண், விலை, தேதி, இருவர் கையெழுத்து ஆகியவற்றுடன் ஒரு பக்கச் சீட்டு எழுதி வைத்துக்கொண்டால் வங்கியிடமும் காவல்துறையிடமும் காட்ட ஏதாவது இருக்கும்.

வாங்குபவர் கவனத்துக்கு

காமிராச் சந்தையில் இப்போது பழைய சரக்கு ஏராளம். கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' காமிராக்களுக்குத் தொழில்முறைக் கலைஞர்கள் மாறிவிட்டார்கள். 2020இல் வந்த தன் 1டி எக்ஸ் மார்க் 3 தான் உச்ச ரக டிஎஸ்எல்ஆரில் கடைசி என்று கேனன் நிறுவனத்தின் தலைவரே 2021 இறுதியில் சொல்லிவிட்டார். கல்யாண வீடுகளில் பத்து வருடம் உழைத்த டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு இது வாய்ப்பு. அவர்களையே குறிவைப்பவர்களுக்கும் இது வாய்ப்பு. ஒருவர் இழப்பது வெறும் ரூ. 30,000 அல்ல, அடுத்த முகூர்த்த மாதத்துப் பிழைப்பு.

ரூ. 60,000 பெறுமான காமிராவை ரூ. 25,000க்குத் தருவதாக ஒரு விளம்பரம். கூரியரில் அனுப்பிவிட்டேன், கட்டணம் ரூ. 2,000 மட்டும் அனுப்புங்கள் என்பார்கள். பிறகு 'ஜிஎஸ்டி', பிறகு 'காப்பீட்டு வைப்புத் தொகை', பிறகு 'கேட் பாஸ்'. கேட்பது ஒவ்வொரு தடவையும் சிறு தொகைதான். ஏற்கனவே கட்டியது போய்விடுமே என்ற பயம்தான் அடுத்ததைக் கட்ட வைக்கிறது. பார்சல் வந்தால் அதில் செங்கல்லோ சோப்புக் கட்டியோ இருக்கும். பெரும்பாலும் அதுவும் வருவதில்லை.

பொருள் நிஜமாகவே கைக்கு வந்தாலும் அது யாருடையது என்ற கேள்வி உண்டு. காமிராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டுபோய் இணையத்தில் விற்றுவிட்டு மறைவது பல நகரங்களில் நடக்கும் திருட்டு. அப்படிப்பட்ட காமிராவைப் போலீசார் தேடி வந்தால் வாங்கியவர் பொருளையும் இழப்பார், பணத்தையும் இழப்பார். இதற்கு எளிய சோதனை உண்டு. பாடியின் அடியில் பொறித்திருக்கும் வரிசை எண், பில்லில் உள்ள எண், எடுத்த படத்தின் உள்விவரத்தில் பதிவாகும் எண் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுரண்டியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் இருக்கும் பெயரும் எதிரே நிற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது உடல்நலப் பரிசோதனை. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பது காமிராவின் வயது. டி7000 ரகத்துக்கு நிகான் சொன்ன ஆயுள் 1,50,000 முறை. நிகான் காமிராவில் எடுத்த படத்தின் உள்விவரத்திலேயே இந்தக் கணக்கு பெரும்பாலும் கிடைத்துவிடும். கேனனில் பல ரகங்களுக்குத் தனி மென்பொருள் வேண்டும். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலைபோல் தெரியும். சென்னை, மும்பை, கொச்சி போன்ற ஈரக்காற்று ஊர்களின் லென்ஸ்களில் இது சகஜம். சுத்தம் செய்யலாம். ஆனால் பூச்சை அரித்திருந்தால் வடு போகாது. துவாரத்தை எஃப்/16க்குச் சுருக்கி வெளிர் வானத்தைப் படம் எடுத்தால் சென்சாரில் ஒட்டிய தூசு புள்ளிகளாகத் தெரியும். மூடியைப் போட்டபடியே சில நொடிகள் எடுத்த படத்தில் வெளிச்சப் புள்ளிகள் இருந்தால் சென்சாரில் பழுது.

இதையெல்லாம் செய்ய நேரில் சந்திக்க வேண்டும். வீட்டுக்கு வரச் சொல்வதைவிட, கண்காணிப்புக் காமிராவும் ஆள் நடமாட்டமும் உள்ள பொது இடம் நல்லது. லக்ஷ்மிபாய் நகர்வாசிகளுக்குப் பக்கத்திலேயே தில்லி ஹாட் - ஐஎன்ஏ மெட்ரோ நிலையம் இருக்கிறது. மற்ற ஊர்களில் வங்கி வாசல் நல்ல இடம். ரொக்கமாகத் தந்தால் கள்ள நோட்டா என்று அங்கேயே பார்த்துவிடலாம். நேரில் வரவே முடியாது என்பவருக்கு ஒரே பதில்: வணக்கம்.

கடையில் வாங்க விரும்புபவர்களுக்கு சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி புகைப்படச் சந்தை இருக்கிறது. விலை சற்றுக் கூடும். ஆனால் பில் கேட்கலாம். பழுது என்றால் திரும்பிப் போக ஒரு கடை வாசல் இருக்கும்.

பொன்னான ஒரு மணி நேரம்

ஏமாந்துவிட்டால்? முதல் வேலை அழுவதல்ல, 1930 என்ற எண்ணை அழைப்பது. அல்லது மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்வது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி ஏடிஎம்மில் ரொக்கமாகும் முன் அதை நிறுத்திவைக்க இந்த ஏற்பாடு 2021 முதல் செயல்படுகிறது. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, போன கணக்கின் முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும். உரையாடல்களை அழிக்கக் கூடாது. வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடிப் பிடித்து அழைப்பது இன்னொரு பொறி. அங்கேயும் பொய் எண்கள் உண்டு. ஏடிஎம் அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்தான் நம்பகமானது.

வங்கி ஈடு கட்டுமா என்பதில் அதிக நம்பிக்கை வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தகவல் தரும் வரை அவரே ஏற்க வேண்டும் என்கிறது. தகவல் தந்த பிறகு நேரும் இழப்புதான் வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் தருவதில் நிமிடங்களுக்கு விலை இருக்கிறது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் தண்டிக்க ஆள் கிடைக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையாளர் 1930ஐ அழைத்தபோது இருபது நிமிடம் கடந்திருந்தது. போன ரூ. 12,000இல் ரூ. 4,500 வழியில் ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டது. அது திரும்பி வர நீதிமன்ற உத்தரவும் பல மாதக் காத்திருப்பும் தேவைப்பட்டன. மீதி, எங்கோ ஒரு ஏடிஎம் வழியாகப் போய்விட்டது.

காமிரா பிறகு விற்றது. வாங்கியவர் மதுரையிலிருந்து தில்லிக்கு வந்து, கல்யாண வீடியோ எடுப்பவரிடம் உதவியாளராக இருக்கும் இளைஞர். மெட்ரோ நிலையத்தின் வாசலில் நாற்பது நிமிடம் சோதித்தார். தன்னுடைய மெமரி கார்டையே போட்டுப் படம் எடுத்துப் பார்த்தார். பில்லைக் கேட்டார், அடையாள அட்டையைக் கேட்டார். டார்ச் அடித்து, "சார், லென்ஸ் ஓரத்துல லேசா பூஞ்சை இருக்கு, பாத்தீங்களா?" என்றார். விற்பவருக்கே அதுவரை தெரியாத சங்கதி. ரூ. 24,000இலிருந்து ஒவ்வொரு ஐந்நூறாகக் குறைத்து ரூ. 20,500இல் கொண்டுவந்து நிறுத்தினார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேரம் முடிந்தபோது ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது: இவர் உண்மையாகவே காமிரா வாங்க வந்தவர்.