கமராவை மாற்றுவதற்கு முன் லென்ஸை மாற்றிப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன்னர் நண்பர் ஒருவரின் மகன் என் கடைக்கு வந்தார். ஊரில் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்துகின்றார். திருமண வைபவங்களுக்குப் படம் எடுப்பதே அவருடைய பிரதான வருமானம். கொடுத்த தேநீரைக் கூடக் குடிக்காமல் விடயத்துக்கு வந்தார்.

"மாமா, புதுக் கமரா ஒன்று வாங்க வேண்டும். உம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்றிருக்கின்றேன். அதுவும் போதாது. மிச்சத்தை நீங்கள் கடனாகத் தர முடியுமா?"

காரணத்தைக் கேட்டேன். இரவு நேரத் திருமணம் ஒன்றில் அவர் எடுத்த படங்கள் இருண்டும் கலங்கியும் போய்விட்டனவாம். மிகுதிப் பணத்தைத் தர வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்கள். மணமகளின் வாப்பா நீண்ட நாள் நோயாளி. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த படமும் கலங்கியவற்றில் ஒன்று. பணத்தை விட அதுதான் இரு தரப்புக்கும் பெரிய மனவருத்தம்.

எனக்குக் கமரா பற்றி அதிகம் தெரியாது. ஆனால் தெரியாத பொருளுக்குக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் நட்டத்தில் முடியும் என்பது தெரியும். எனவே, பிலிம் காலத்திலிருந்து படம் எடுத்து வரும் பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அவர் படங்களைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த லென்ஸ்?"

"கமராவோடு வந்தது."

"அப்படியென்றால் கமராவில் குற்றமில்லை தம்பி."

அன்று அவரிடமும், அதன் பின்னர் விசாரித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை இத்தொழிலில் இருக்கும் நமது இளைஞர்களுக்காக இங்கு தருகின்றேன்.

துவாரத்தின் கணக்கு

கமராவோடு வருகின்ற லென்ஸ் பெரும்பாலும் 18-55 மில்லிமீற்றர் சூம் லென்ஸாகும். தூரத்தையும் கிட்டவையும் ஒரே லென்ஸில் எடுக்கலாம் என்பது அதன் வசதி. ஆனால் முகத்தை எடுப்பதற்காக 50 மில்லிமீற்றருக்குச் சூம் செய்தால், அதன் துவாரம் எப் 5.6 அளவுக்கு மேல் திறக்காது. பிரைம் லென்ஸில் சூம் கிடையாது. ஒரே குவியத்தூரம்தான். அதற்குப் பதிலாக அதன் துவாரம் அகலமாகத் திறக்கும். 50 மில்லிமீற்றர் எப் 1.8 லென்ஸ் இவ்வகையில் மலிவானது, எங்கும் கிடைப்பது.

எப் என்ற இலக்கம் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது. குவியத்தூரத்தை அந்த இலக்கத்தால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் வரும். 50ஐ 5.6ஆல் வகுத்தால் சுமார் 9 மில்லிமீற்றர். 50ஐ 1.8ஆல் வகுத்தால் சுமார் 28 மில்லிமீற்றர். விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பளவு ஒன்பது மடங்குக்கும் மேல். அவ்வளவு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வருகின்றது.

மண்டபத்தில் சூம் லென்ஸுக்கு செக்கனில் 15இல் ஒரு பங்கு நேரம் தேவைப்பட்ட படத்தை, பிரைம் லென்ஸில் 125இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கலாம். முதலாவதில் மணமகள் சற்றுத் திரும்பினாலே முகம் கலங்கிவிடும். இரண்டாவதில் அந்த அசைவு நின்றுவிடும். அல்லது ஐ.எஸ்.ஓ.வை 6400இலிருந்து 800க்குக் குறைக்கலாம். மணல் தூவியது போன்ற புள்ளிகள் வெகுவாகக் குறையும். லென்ஸில் உள்ள அதிர்வு தடுக்கும் வசதி இதற்கு ஈடாகாது. அது நமது கை நடுக்கத்தைத் தடுக்குமே தவிர, எதிரே இருப்பவரின் அசைவைத் தடுக்காது.

"என் கைத்தொலைபேசியிலும் எப் 1.8 என்று போட்டிருக்கின்றதே" என்று சிலர் கேட்பார்கள். தொலைபேசி லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 7 மில்லிமீற்றர் அளவுதான். எனவே அதன் துவாரம் 4 மில்லிமீற்றருக்கு மேல் போகாது. பின்னணியை அது பெரும்பாலும் கணக்குப் போட்டே கலங்கச் செய்கின்றது. அதனால்தான் முந்தானை ஓரமும் முடியும் சில வேளைகளில் வெட்டுப்பட்டது போல் தெரிகின்றன.

பிளாஷ் இருக்கத்தானே செய்கிறது?

இருக்கிறது. ஆனால் நிகாஹ் நடக்கும் வேளையில் பெரியவர்களின் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிப்பதை யார்தான் விரும்புவார்கள்? இது நமக்கு மட்டும் உரிய பிரச்சினையுமல்ல. 1924ஆம் ஆண்டு ஜேர்மனியில் எர்மனொக்ஸ் என்ற சிறிய கமரா வந்தது. அதன் லென்ஸ் முதலில் எப் 2 ஆகவும் பின்னர் எப் 1.8 ஆகவும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எரிக் சலமொன் என்பவர் நீதிமன்றங்களிலும் இராஜதந்திரிகளின் மாநாடுகளிலும் வெடிக்கும் பிளாஷ் இல்லாமலே படமெடுத்துப் புகழ்பெற்றார். தாங்கள் படம் எடுக்கப்படுவதை அறியாமல் இருந்தவர்களின் முகங்கள் அவை. கல்யாண வீட்டிலும் நாம் தேடுவது அந்த முகங்களைத்தான்.

இலாபம் மட்டுமல்ல, நட்டமும் உண்டு

துவாரம் அகலமானால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். சாதாரண கமராவில் இந்த லென்ஸை எப் 1.8இல் வைத்து ஒன்றரை மீற்றரிலிருந்து எடுத்தால், தெளிவாக வருவது சுமார் 6 சென்ரிமீற்றர் மட்டுமே. கண் தெளிவாக இருக்கும், காது கலங்கும். தனிமுகப் படத்துக்கு அது அழகு. ஆனால் கமராவுக்குக் கிட்ட உள்ள கண்ணின் மீது ஒற்றைப் புள்ளியை வைத்துக் குவியப்படுத்த வேண்டும். புள்ளியைக் கமராவே தெரிவு செய்யட்டும் என்று விட்டால் அது மூக்கையோ பூமாலையையோ பிடித்துக்கொள்ளும்.

குடும்பமாக இரண்டு வரிசையில் நிற்பவர்களை எப் 1.8இல் எடுக்கவே கூடாது. 4 மீற்றருக்குப் பின்வாங்கி, எப் 5.6இல், பிளாஷை மேற்கூரையில் பட்டுத் தெறிக்கவிட்டு எடுங்கள். ஆழம் ஒரு மீற்றருக்கு மேல் கிடைக்கும். இடநெருக்கடியான வீட்டில் இந்த லென்ஸால் குழுப்படம் எடுக்க முடியாது. எனவே பழைய சூம் லென்ஸை விற்றுவிட வேண்டாம்.

இன்னொரு விடயம். மலிவான எல்.ஈ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் கறுப்புப் பட்டிகள் விழுவதுண்டு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அவ்விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகின்றன. ஷட்டரை 100இல் ஒரு பங்கில் வைத்தால் அநேகமாகப் பட்டிகள் மறைந்துவிடும்.

வாங்கும்போது ஏமாற வேண்டாம்

முதலில் பொருத்தம். நிக்கோன் டி 3000, டி 5000 வரிசைக் கமராக்களுக்குள் குவியப்படுத்தும் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கின்றது என்று பழைய ஏ.எப்.டி. வகை லென்ஸை வாங்கினால் கையால்தான் திருப்ப வேண்டும். 2011இல் வெளிவந்த ஏ.எப்.எஸ். வகையே அவற்றுக்கு ஏற்றது. கெனனில் 1990இல் வந்த இரண்டாம் வகையை விட, 2015இல் வந்த எஸ்.டி.எம். வகை சத்தம் குறைந்தது, உறுதியானது. 2020இல் வந்த ஆர்.எப். வகை கண்ணாடியில்லாக் கமராக்களுக்கு மட்டுமே. பழைய கமராவில் அது பொருந்தாது.

அடுத்தது பங்கசு. நமது ஈரக் காலநிலையில் பழைய லென்ஸ்களுக்கு இதுவே எமன். துவாரத்தை முழுமையாகத் திறந்து, பின்புறமாக டோர்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாங்கிய பின் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.

முடிந்தால் ஒரு வைபவத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சரக்கை விற்றுப் பார்க்காமல் நூறு மூடை இறக்குபவன் வியாபாரியல்ல.

அந்தத் தம்பி நகையை அடகு வைக்கவில்லை. பழைய லென்ஸ் ஒன்றைப் பரிசோதித்து வாங்கினார். அதற்கு என்னிடம் கடன் கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. முதல் வைபவத்தில் குழுப்படங்கள் சிலவற்றை எப் 1.8இலேயே எடுத்துப் பின்வரிசையைக் கலங்கடித்தார். அதையும் பாடமாக எடுத்துக்கொண்டார்.

பின்னர் அந்த மணமகளின் வீட்டுக்குத் தானாகவே சென்று, ஜன்னலோரம் வாப்பாவையும் மகளையும் அமர்த்தி, பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஆனால் அவர்கள் தடுத்து வைத்திருந்த மிகுதிப் பணத்தைக் கையில் வைத்தே அனுப்பினார்கள். அந்தப் பெரியவர் இன்று இல்லை. அந்தப் படம் அவர்கள் வீட்டில் இருக்கின்றது.